முதல் இலக்கம் ஒன்பது

பாண்டியன் தோலுக்கு எண் போடும் வேலையில் இருந்தவர். ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய ஒரு டேனரியில், பதனிட்ட ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கும் அசார்ட்டிங் மேசைக்கு அவர்தான் மேஸ்திரி. அதே டேனரியில் நான் ரைட்டர். வருகைப் பதிவும் சரக்குப் பதிவும் என் பொறுப்பு. அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். இருவரும் ஓய்வு பெற்று இப்போது ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி நான் கூட இருந்து பார்த்தது. காதால் கேட்டதைக் கேட்டது என்றே குறித்திருக்கிறேன்.

அவர் வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும். ஒரு தோலை மேசைமேல் விரித்து, கழுத்திலிருந்து வால்வரை உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார். உண்ணி கடித்த இடம், முள் கிழித்த கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, அம்மைத் தழும்பு எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். பிறகு ஓர் எண்ணைச் சொல்லுவார். ஒன்று என்றால் முதல் ரகம், கப்பலேறிப் போவது. இரண்டும் மூன்றும் அதற்கு அடுத்தவை. நான்கிலிருந்து ஏழுவரை உள்ளூர்ச் சரக்கு. எட்டும் ஒன்பதும் கழிவு. அந்த எண் தோலின் உட்புறத்தில் மை முத்திரையாக விழும். அதைத் தொடர்ந்து வரும் இலக்கங்களில் சரக்கு எந்த ஊர்ச் சந்தையிலிருந்து வந்தது, யார் கொடுத்தது, எந்த மாதம் என்பதெல்லாம் அடங்கியிருக்கும். வாங்க வருகிறவர் பார்த்தால் அது வெறும் எண். எங்களுக்கு அது முழு விவரம். எங்கள் டேனரியில் நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

ஒரே தடவையாக வந்து இறங்கிய சரக்கை லாட் என்போம். ஒரு லாட் முழுவதையும் பார்த்து முடித்தும் ஒன்று என்ற எண் ஒருமுறைகூட விழாவிட்டால், பாண்டியன் மேசையை விட்டு விலகி நின்றுகொள்வார். "இது பொறுக்கின சரக்கு ரைட்டரே. நல்லத முன்னமே எவனோ எடுத்துக்கினான்" என்பார். விசாரித்தால் அப்படித்தான் நடந்திருக்கும்.

போட்ட எண்ணை அவர் திருத்தமாட்டார். முதலாளி அதாவுல்லா சாயபுவின் தங்கை மகன் ஒருமுறை வந்து, ஓர் ஆர்டருக்கு மூன்றாம் ரகம் குறைகிறது, கொஞ்சம் நான்கை மூன்றாக்கித் தரமுடியுமா என்று கேட்டான். "நம்பர் மாறணும்னா ஆட்ட மாத்துங்க தம்பி" என்றார் பாண்டியன். அந்தப் பதில் ஊரெல்லாம் சுற்றியது. கல்யாணம், காரியம் எங்கே போனாலும் யாராவது அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அவரும் சொல்லுவார்.

சென்ற ஆண்டு கோடையில் எல்லோருடைய போனுக்கும் ஒரு குரல் பதிவு வந்தது. ஆதார் அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களுக்குள் ரகசியக் குறியீடு இருக்கிறது, நாம் எந்த மதம், எந்தச் சாதி, எந்தத் தரம் என்று அதில் குறித்துவிட்டார்கள், முதல் இலக்கத்தைப் பார்த்தாலே தெரியும், உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று ஓர் ஆண் குரல் அவசரமாகச் சொன்னது. டீக்கடையில் அதைப் போட்டுக் காட்டியபோது பாண்டியன் சிரித்தார்.

"கொரலு கேக்குது, ஆளக் காணோம். ஆளு தெரியாத சரக்க நான் தொடறதில்ல."

ஆனால் தடவிப் பார்க்காமல் ஒரு சரக்கைத் தள்ளுவதும் அவர் வழக்கமில்லை. அன்று மாலையே தெருவில் வீடுவீடாகப் போய் அட்டையைக் காட்டச் சொன்னார். மறுநாள் டேனரி வாசலில் நின்று, வெளியே வந்தவர்களிடம் கேட்டார். பிறகு என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ரைட்டரே, உங்க கார்ட எடுங்க."

எடுத்தேன். ஐந்தில் தொடங்கியது.

"பாத்தீங்களா? ஒண்ணு இல்ல. ரெண்டு கீது, மூணு கீது, ஏழும் எட்டும் ஜாஸ்தியாவே கீது. ஒண்ணு மட்டும் ஒருத்தனுக்கும் கெடையாது. இது பொறுக்கின சரக்கு."

"ஒன்றில் தொடங்கும் எண்ணை யாருக்குமே தருவதில்லை பாண்டியன்" என்றேன்.

"யாருக்குமேவா? டெல்லில கீறவனுக்கும்? நீங்க போய்ப் பாத்தீங்களா?"

நான் போய்ப் பார்க்கவில்லை. அச்சில் படித்ததைச் சொன்னேன். அந்த எண்ணைக் கணினி குலுக்கி எடுக்கிறது. ஆளின் ஊரோ, மதமோ, சாதியோ, பிறந்த தேதியோ எதுவும் அதற்குள் வைக்கப்படுவதில்லை. பூஜ்யத்திலோ ஒன்றிலோ எந்த எண்ணும் தொடங்காது, நாடு முழுவதும் அப்படித்தான். கடைசி இலக்கம் மட்டும் முன்னால் உள்ள பதினொன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. எழுதும்போது ஓர் இலக்கம் தவறிவிட்டால் அதைக் கண்டுபிடிக்க. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

பாண்டியன் பொறுமையாகக் கேட்டார். சரக்கைத் தொடாமல் விலை பேசுகிறவனை அவர் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார்.

"படிச்சீங்க. சரி. நான் ஒண்ணு கேக்கறேன். நம்ம தெருவ எப்பங்க மொத ரகத்துல வச்சாங்க? பள்ளிக்கூடத்துலயா, ஆபீஸ்லயா, ஆஸ்பத்திரிலயா? இப்ப கார்டுல மட்டும் வச்சிடுவாங்களா?"

அவர் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை. அதற்கும் அட்டையின் எண்ணுக்கும் சம்பந்தமில்லை என்பதை மட்டும்தான் நான் சொல்ல முடியும். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

போனை நம்பாதவர்களும் பாண்டியனை நம்பினார்கள். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ஆட்கள் அட்டையோடு அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். பிறந்த குழந்தையின் அட்டையைக்கூடக் கொண்டுவந்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டி, பழக்கத்தில் அட்டைமேல் கட்டைவிரலை ஓட்டிவிட்டு, "மூணு. நல்ல சரக்கு, சின்னதா ஒரு கீறல்" என்பார். "ஆறு. பரவால்ல, பாலீஷ் போட்டா நிக்கும்" என்பார். எட்டோ ஒன்பதோ வந்தால் எண்ணை மட்டும் சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுப்பார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். ஆனால் எண்ணை மறக்கமாட்டார்கள்.

அவருடைய ஒரே மகள் பூங்குழலிக்கு இது பிடிக்கவில்லை. அவள் பி.காம். முடித்துவிட்டு, ஷூ கம்பெனியில் தையல் வரிசைக்கு சூப்பர்வைசராக இருக்கிறாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள்.

"இன்னாப்பா, வூட்ட அசார்ட்டிங் டேபிள் ஆக்கிட்ட? ரிட்டயர் ஆனா வேல போவணும். உனக்கு வூடு தேடி வருது."

"நீ சும்மா இரு. ஊரு கேக்குது, சொல்றேன்."

"என் கார்ட மட்டும் பாத்துராத. பாத்தா நீயே என்னக் கழிவுல போட்டுடுவ."

பாண்டியன் பெரிதாகச் சிரித்தார். "எனக்கு மூணு, உங்கம்மாவுக்கு மூணு. மூணு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே கேம்ப்ல எடுத்தது. ஒரே லாட்டு. உன்னுது மட்டும் எங்கப் போய்டும்?"

அவள் உண்மையைத்தான் சொன்னாள். அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு, அட்டையைக் கேட்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒடுகத்தூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை இன்பராஜ், பூங்குழலியின் கம்பெனியிலேயே ஸ்டோர்ஸில் வேலை. அவனுடைய அப்பா தனகோடிக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் வேர்க்கடலை நிலம். போட்டோவைக் காட்டியபோது பூங்குழலி "இவரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாளாம். "அந்த ஒரு வார்த்தையிலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி ரைட்டரண்ணா" என்று அவள் அம்மா கெங்கம்மாள் என்னிடம் சொன்னாள். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு அவள் கம்பெனி பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்ததை நானும் பார்த்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று நான் அங்கே இருந்தேன். தனகோடி, அவருடைய அக்கா பாக்யலட்சுமி, இன்பராஜ், இன்னும் சில உறவினர்கள். பேச்சு எல்லாம் நல்லபடியாக முடிந்து காபி வந்த பிறகு, தனகோடி சட்டைப்பையிலிருந்து மகனின் ஆதார் நகலை எடுத்தார்.

"உங்களப் பத்தி எங்க ஊரு வரைக்கும் சொல்றாங்க. கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன், சும்மா தமாசுக்கு."

பாண்டியன் கண்ணாடியை மாட்டினார். "ரெண்டு! சம்பந்தி, இதுக்கு மேல சரக்கு இல்லீங்க."

எல்லோருக்கும் சந்தோஷம். பாக்யலட்சுமி மட்டும் கூர்ந்து கேட்டாள். அவள்தான் அந்தக் குடும்பத்தில் மூத்தவள். தாயில்லாத இன்பராஜை வளர்த்துப் படிக்கவைத்தவள்.

"அப்ப எட்டு, ஒம்பதுன்னு வந்தா?"

"அது கழிவுங்கம்மா. தோலா இருந்தா பசை காய்ச்ச அனுப்பிடுவோம்."

சிரிப்பு எழுந்தது. பூங்குழலி கதவருகே நின்றிருந்தாள். அவள் அப்பாவைப் பார்த்த பார்வையை அவர் கவனிக்கவில்லை.

மண்டபம் பதிவு செய்ய மணமக்கள் இருவரின் அட்டை நகலும் வேண்டும் என்றார்கள். கெங்கம்மாள் மகளின் நகலைக் கொடுத்தனுப்பினாள். இரண்டு நாள் கழித்து தனகோடி போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"பொண்ணு ஜெராக்ஸ் சரியா விழல போலருக்குதே. மொதல்ல ஒம்பதுன்னு தெரியுது."

பாண்டியன் மகளை அழைத்தார். அவள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலை ஓட்டி, "ஒம்பது" என்றார். மேசையருகே நின்று சொல்லும் அதே குரல். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"வாய மூடுய்யா" என்றாள் கெங்கம்மாள்.

போனில் தனகோடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பாண்டியன் முதலில் செய்தது, எண்ணை மாற்றமுடியுமா என்று பார்த்தது. இ-சேவை மையத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். கணினி முன் உட்கார்ந்திருந்த அம்பிகா என்ற பெண் நிதானமானவள்.

"பேர் மாத்தலாம், அட்ரஸ் மாத்தலாம், போன் நம்பர் மாத்தலாம். ஆதார் நம்பர் மாத்த முடியாதுங்க ஐயா."

"எல்லாத்தையும் மாத்தச் சொல்லலம்மா. மொத நம்பர் மட்டும்."

"ஒண்ணு மாறினாலும் அது வேற நம்பர் ஆயிடும் ஐயா. எதுக்கு மாத்தணும்?"

"ஒம்பதா கீது."

அம்பிகா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "எனக்கும் ஒம்பதுதான்" என்றாள். அதில் என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. பாண்டியன் அவளுக்காக வருத்தப்பட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஒடுகத்தூரிலிருந்து அடுத்த செய்தி சீக்கிரம் வந்தது. தரகர் மூலமாக, கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று. பூங்குழலி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள் என்று கெங்கம்மாள் சொன்னாள். கம்பெனியில் அவள் எதிரே வந்தால் இன்பராஜ் வேறு வழியாகப் போகிறான் என்றும் சொன்னாள். இது கேள்விப்பட்டது.

பாண்டியனுக்குச் சொல்லிப் பயனில்லை, தடவிப் பார்க்கவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தெரிந்தவர்களிடம் போய், காரணத்தைச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு முதல் இலக்கத்தை மட்டும் கேட்டேன். அட்டையைத் தரச் சொல்லவில்லை. சிறு துண்டுத் தாள்களில் ஒரு பக்கம் இலக்கம், மறுபக்கம் பெயர். டேனரியில் பழைய மேசை இன்னும் இருக்கிறது. அதாவுல்லா சாயபு அனுமதி கொடுத்து, தானும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துண்டுகளை இலக்கம் மேலே தெரியும்படி மேசையில் கொட்டினேன்.

"தரம் பிரியுங்கள் பாண்டியன்."

அவர் கை தன்னால் வேலை செய்தது. இரண்டு ஒரு குவியல், மூன்று ஒரு குவியல். எட்டும் ஒன்பதும் மேசை ஓரத்துக்குப் போயின.

"இப்போது திருப்பிப் பாருங்கள்."

இரண்டு என்று இருந்த குவியலில் முதல் துண்டு ஹம்மாத். டேனரியில் வேலைக்கு வரும் நாளைவிட வராத நாள் அதிகம் என்று பெயர் வாங்கியவன். பெயரைச் சேர்க்கச் சொல்லி அவனே சிரித்துக்கொண்டு கொடுத்தது. அதே குவியலில் பாண்டியன் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளாத அவருடைய பங்காளி ஒருவர். எட்டில், கெங்கம்மாளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மா. ஒன்பதில், நான் போகும் சர்ச்சின் போதகர். அதற்கடுத்த துண்டைத் திருப்பியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"சாயபு, உங்களுக்கா ஒம்பது?"

"அரே பாண்டியன்! என் டேனரியிலயே என்ன ரிஜெக்ஷன்ல போட்டியே" என்று சிரித்தார் அதாவுல்லா. பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். "என் பெரிய புள்ளைக்கு ஏழு. ரெண்டாவதுக்கு நாலு. ஒரே வூடுதான். இன்னா கணக்கு இது, நீயே சொல்லு."

பாண்டியன் எல்லாத் துண்டுகளையும் திருப்பினார். இலக்கப் பக்கத்தை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் பார்த்தார். மறுபடி இலக்கத்தைப் பார்த்தார். தோலில் அப்படி ஒருபோதும் வராது. ஒரே மந்தைத் தோல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். கடைசியில் எல்லாக் குவியலையும் ஒன்றாகத் தள்ளினார்.

"இது லாட்டே இல்ல ரைட்டரே. குலுக்கிக் கொட்டினது."

"ஆமாம்."

"இதுல தரம் இல்ல."

"இல்லை."

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நான் ஊரெல்லாம் நம்பர் போட்டுட்டேனே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூருக்குப் போனோம். பள்ளிகொண்டாவில் பஸ் மாறினோம். வழிநெடுக அவர் என்ன சொல்வது என்று எனக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார். தனகோடி வீட்டு வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. "வாங்க" என்றார். சம்பந்தி என்று சொல்லவில்லை. பாக்யலட்சுமி உள்ளிருந்து வந்து, கடலையைக் கையால் கிளறிக்கொண்டு எங்கள் எதிரே உட்கார்ந்தாள்.

பாண்டியன் சுற்றி வளைக்கவில்லை. "நான் சொன்னது தப்புங்க. அந்த நம்பர்ல ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடறது. நானே சோதிச்சிப் பாத்துட்டேன்."

"எப்பங்க சோதிச்சீங்க?" பாக்யலட்சுமி கேட்டாள்.

"போன வாரம்."

"பொண்ணுக்கு ஒம்பதுன்னு தெரியறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

பாண்டியன் பொய் சொல்லுகிறவர் இல்லை. "பின்னாலதாங்க" என்றார்.

அவள் கடலையைக் கிளறினாள். தனகோடிதான் பேசினார். அவர் குரலில் கோபம் இல்லை.

"முதலாளி வூட்டுப் புள்ளைக்கே நம்பர மாத்தித் தரமாட்டேன்னு சொன்ன ஆளு நீங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்க வூட்ல பொண்ணெடுக்கணும்னு வந்தேன். ஊரான் பொண்ணுக்கு எட்டு வந்தப்போ நீங்க மாத்திச் சொல்லல. இப்ப உங்க வூட்டுச் சரக்குன்னதும் நம்பரே கெடையாதுன்றீங்க."

"அது நெஜமாவே தெரியாம சொன்னதுங்க."

"எது தெரியாம சொன்னது? அன்னிக்கா, இன்னிக்கா?"

நான் குறுக்கிட்டேன். சாயபுவின் எண்ணைச் சொன்னேன்.

"சாயபுமாருக்கு வேற வரிசையா இருக்கும்" என்றாள் பாக்யலட்சுமி.

போதகரையும் டாக்டரம்மாவையும் சொன்னேன்.

"அவங்களுக்கும் அப்படித்தான் எதனா இருக்கும். படிச்சவங்களுக்குத் தனியா வச்சிருப்பாங்க."

எண் குலுக்கலில் வருவதையும், பூஜ்யமும் ஒன்றும் முதலில் வராததையும், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக வைப்பதையும் வரிசையாக விளக்கினேன். தனகோடி கவனமாகக் கேட்டார். முடித்ததும் சொன்னார்: "அப்ப கடைசி நம்பர்ல ஒரு கணக்கு ஒளிச்சி வச்சிருக்காங்கன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"அது ஆளைப் பற்றிய கணக்கு இல்லை. எழுத்துப் பிழைக்கு…"

"கணக்கு இருக்குது இல்ல? அத சொல்லுங்க."

இருக்கிறது என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

"பொண்ணு நல்ல பொண்ணுதான்" என்றாள் பாக்யலட்சுமி எழுந்துகொண்டே. "நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஊர்ல எல்லாரும் நாளைக்கு எம் புள்ளயப் பாத்து, ரெண்ட வச்சிக்கினு ஒம்பதக் கட்டினான்னு சொல்லுவாங்க. பசை காய்ச்ச அனுப்பறதுன்னு நீங்கதாங்க சொன்னீங்க."

காபி வந்தது. குடித்தோம்.

இன்பராஜ் வீட்டுக்குள் வரவில்லை. மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தவன், நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது பின்னால் நடந்து வந்தான்.

"மாமா, நான் இதெல்லாம் நம்பலீங்க."

பாண்டியன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப வா தம்பி. உள்ள வந்து அத சொல்லு. நானும் வர்றேன்."

"அத்தைதான் என்ன வளத்துது மாமா. அதுங்கிட்ட எதுத்துப் பேசினதே இல்ல."

"எதுத்துப் பேச வேணாம். நம்பலன்னு மட்டும் சொல்லு."

அவன் தலை குனிந்துகொண்டான். பஸ் வந்தது. பாண்டியன் கையை விட்டார்.

வீட்டில் பூங்குழலி காத்திருந்தாள். முதலில் தண்ணீர் கொடுத்தாள்.

"அவரு இருந்தாரா?"

"இருந்தாரு."

"இன்னா சொன்னாரு?"

"நம்பலன்னாரும்மா. இதெல்லாம் நம்பறதில்லன்னு சொன்னாரு."

அவள் முகம் ஒரு நொடி மாறியது. "அப்பறம்?"

பாண்டியன் என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை என்று அவளே தெரிந்துகொண்டாள்.

"நம்பிட்டு வேணாம்னு சொல்லியிருந்தாகூடப் பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இன்பராஜுக்குத் தை மாதத்தில் அணைக்கட்டுப் பக்கம் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு எண் மூன்று என்று தரகர் சொன்னார்.

பாண்டியன் இப்போது யார் அட்டையைக் கொண்டுவந்தாலும் கண்ணாடி மாட்டுவதில்லை. "இதுல ஒண்ணும் இல்ல, போங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்கிறார். போன மாதம் ஒரு புருஷன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்தார்கள். குழந்தைக்கு எட்டு. பாண்டியன் அவர்களை உட்காரவைத்து, சாயபு கதையிலிருந்து அம்பிகா கதைவரை எல்லாம் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். என் வீட்டைத் தாண்டிப் போகும்போது அந்த ஆள் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அண்ணனுக்கு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரல. எட்டாச்சே, பாவம்."

அவள் குழந்தையின் துணியை இழுத்து மூடிக்கொண்டாள். நான் எழுந்து கதவுவரை போனேன். அவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.

டேனரி வாசலிலும், டீக்கடையிலும், ரேஷன் கடை வரிசையிலும் பாண்டியன் அவராகவே பேச்செடுத்துச் சொல்லிப் பார்த்தார். மகள் கல்யாணம் நின்றுபோன பேஜார், அதான் இப்படிப் பேசுகிறார் என்று ஆட்கள் அவருக்காக இரக்கப்பட்டார்கள். அவர் சொன்ன எண்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். இப்போது நான் போய்ச் சொன்னாலும், "நீங்க அவரு தோஸ்த் ஆச்சே" என்கிறார்கள்.

போன வாரம் கலவையிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், பையன் ராணிப்பேட்டையில் வேலை என்றார்கள். போன் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். பூங்குழலி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் ஓர் அம்மாள், மரியாதையான பேச்சு.

"ஜாதகம் அப்பறம் பாத்துக்கலாங்க. பொண்ணு கார்டுல மொத நம்பர் இன்னாங்க?"

பேச்சு கலவைவரை போய்விட்டது. கெங்கம்மாள் போனைப் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். பாண்டியன் வாயைத் திறந்தார். ஓர் எண்ணும் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"மூணுங்க. எங்க வூட்ல எல்லாருக்கும் மூணுதான்."

எதிர்முனையில் சந்தோஷமான குரல். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார்கள்.

பூங்குழலி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவைத்தான் கேட்டாள்.

"கார்டக் காட்டச் சொன்னா?"

"கேக்கமாட்டாங்கம்மா."

"மண்டபத்துக்குக் குடுக்கணுமே?"

கெங்கம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பூங்குழலி செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

"ரைட்டரே" என்றார் பாண்டியன், "ஞாயித்துக்கெழம நீங்களும் வந்து இருங்க. அவங்க எதனா கேட்டா, நீங்க சொன்னா நம்புவாங்க."

நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.